தொட்டாவாழி

"அக்கா, எல்லாம் மாவாப் போச்சுக்கா!"

சுகிர்தாவின் தங்கை லீலா வாசல்படி ஏறும்போதே அழுதுகொண்டு வந்தாள். கையில் முறம். முறத்தில் வெள்ளையும் இளநீலமுமாக ஒரு தூள், உப்பளத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த மாதிரி.

"என்னட்டி இது?" என்றாள் சுகிர்தா.

"டின்னர் செட்டுக்கா. மவன் கல்யாணத்துக்கு வாங்கினது. பூப்போட்ட தட்டு, கிண்ணம், மூடி போட்ட சட்டி, எல்லாந்தான். சம்பந்தி வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழமை வாராங்களேன்னு ஷோகேஸைத் திறந்தேன். பாக்கதுக்குத் தட்டு தட்டாத்தான் இருக்கு. விரலை வச்சேன், பொலபொலன்னு உதிந்துட்டு."

"அதுல ஒரு நாளாச்சும் சாப்பிட்டியளா?"

"அதுலயா? நல்ல தட்டுல போய் யாராவது சாப்பிடுவாகளாக்கா?"

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அதை அடக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அத்தான் அப்பவே சொன்னாங்க," என்று மூக்கை உறிஞ்சினாள் லீலா. "ஷோகேஸைக் கொண்டுவந்து சுவர்ல மாட்டையிலயே சொன்னாங்க. இது தொட்டாவாழி, உள்ள வச்சுப் பூட்டிராதிய, அப்பப்ப எடுத்துக் கை படணும்னு. நாந்தான் கேக்கலை. கண்ணாடி விக்கிறவங்க கண்ணாடியைத் திறந்து வைக்கச் சொல்லுதாங்களேன்னு நெனச்சேன்."

பழைய பிளாஸ்டிக்கைத் தடை செய்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழாய்க்கும் மின்கம்பிக்கும் ஆஸ்பத்திரிச் சாமானுக்கும் மட்டும் அது இருந்தது. வீட்டுக்குள் வருவதெல்லாம் புதுச் சரக்கு. மனிதர் கை பட்டுக்கொண்டிருக்கும்வரை உறுதியாக இருக்கும். எறிந்துவிட்டால் சில மாதங்களில் தானாகத் தூளாகி மண்ணோடு போகும். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தூத்துக்குடிச் சந்தையில் யாரோ தொட்டாச்சிணுங்கியை நினைத்துக்கொண்டு தொட்டாவாழி என்றார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் தட்டிட்டுப் போ, சம்பந்திக்கு வாழையிலை போட்டுக்கிடலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்த சுகிர்தா சட்டென்று நிறுத்தினாள். அடுத்த நொடி உள்ளறைக்கு ஓடினாள்.

உள்ளறைச் சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி. நான்கு பக்கமும் கண்ணாடி, மேலும் கீழும் தேக்கு. அதற்குள் ஒரு பதினொரு வயதுப் பெண் குழந்தையின் உலகம் இருந்தது. ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, அடிஸ்கேல், பூ வைத்த ஹேர்பேண்ட், பல் தேய்க்கிற பிரஷ், தவளை வடிவத்தில் ஒரு சோப்பு டப்பா, கடற்கரையில் மண் அள்ளுகிற சின்ன வாளி.

எல்லாம் இருந்தன. ஒன்றின் ஓரம்கூட உதிரவில்லை.

சுகிர்தா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஜெமிமா அந்த வீட்டின் ஒரே பிள்ளை. போன வருடம் மழை முடிகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமே சுகிர்தா சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. கண்ணாடிக் கடையிலிருந்து களைத்து வந்திருந்த அவள் கணவர் ஆசீர் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "லேசாத்தான் சுடுது. காலையில பாத்துக்கலாம்," என்றார். காலையில் பார்க்கும்போது பிள்ளைக்கு நினைவு இல்லை. மறுநாள் பிள்ளையே இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று, மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க ஆசீர் கையை நீட்டினார். அதில் ஜெமி குடித்து மீதம் வைத்த தண்ணீர் இருந்தது.

"தொடாதிய," என்றாள் சுகிர்தா. "இனிமே அவ சாமான்ல உங்க கை படக்கூடாது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

சில நாள் கழித்து அவளே கேட்டாள். "தூசி படக்கூடாது. யார் கையும் படக்கூடாது. கடைசியா பட்டது அவ கையாத்தான் இருக்கணும். அப்படி ஒண்ணு செஞ்சு தாங்க." தொட்டாவாழியைப் பற்றி அந்த நேரத்தில் அவள் நினைக்கவில்லை. அவர் கடையில் தன் கையாலேயே கண்ணாடி அறுத்து, மரம் இழைத்து, அலமாரியைக் கொண்டுவந்து வைத்தார். சாவியை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு என்பது "சோறு எடுத்து வச்சிருக்கேன்", "சரி" என்ற அளவில் நின்றது. ஆசீருடைய சீப்பும் சோப்பு டப்பாவும் சவரக் கிண்ணமும் குளியலறையிலிருந்து பின்கட்டில் குழாயடிப் பலகைக்குப் போயின. சாப்பிட்ட தட்டையும் குடித்த தம்ளரையும் அவரே கழுவி, அந்தப் பலகையிலேயே கவிழ்த்து வைத்தார். அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

சாயங்காலம் லீலா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிரிசில்லா தொட்டாவாழிக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாள்.

"பெரியத்தை, இது எப்ப இருந்து பூட்டிக் கிடக்கு?"

"அவ போனதுல இருந்து."

"நடுவுல திறக்கவே இல்லையா? தொடைக்கக்கூட?"

"கண்ணாடியை வெளிய தொடைப்பேன். உள்ள என்னத்துக்குத் திறக்கணும்?"

"ஒருவேளை இது பழைய பிளாஸ்டிக்கா இருக்குமோ?"

"இல்லட்டி. அஞ்சாங்கிளாஸ் போகையில எல்லாம் புதுசா வாங்கினது. மூடியில பாரு, இலை முத்திரை போட்டிருக்கு."

பிரிசில்லா முத்திரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "அப்ப இதெல்லாம் எப்பவோ தூளாகியிருக்கணுமே."

"அது எப்படித்தான் தூளாகுது? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"இதோட உடம்பு ஒரு சங்கிலி மாதிரி, பெரியத்தை. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. நம்ம கையில உப்பு இருக்கு, எண்ணெய்ப் பசை இருக்கு, சூடு இருக்கு. மூணும் சேந்து பட்டா அந்தச் சங்கிலி ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கிடும். ஒரு இடத்துல பட்டாப் போதும், முழுசுக்கும் ஓடிரும். படலைன்னா கொஞ்சம் கொஞ்சமா அவுந்துக்கிட்டே வரும். இதை யாரும் வச்சிருக்கலை, குப்பைதான்னு அதுவா முடிவு பண்ணிக்கிடும்."

"மாமியா கை பட்டாலும் இறுகுமா?" என்று லீலா கேட்டாள்.

"பட்டா இறுகும் அத்தை. நீங்கதான் வீட்டுல ஒரு சாமானையும் தொட மாட்டியளே."

"பாத்தியளாக்கா இவ வாயை! டின்னர் செட்டு போனதுக்கு நாந்தான் காரணம்னு சொல்லுதா."

சுகிர்தா இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. "அப்ப இது எப்படி நிக்குது?"

பிரிசில்லா தயங்கினாள். "யாரோ தொடுதாங்க, பெரியத்தை."

சுகிர்தா செயினை வெளியே இழுத்துக் காட்டினாள். "சாவி இங்க கிடக்கு. குளிக்கையிலகூடக் கழத்துறது இல்லை. யாரு தொடுவா?"

சுகிர்தாவே திரும்பி அலமாரியைப் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

"அவதான்."

"பெரியத்தை..."

"இத்தனை மாசமா நான் கேட்டுக்கிட்டே இருக்கேம்ட்டி. ஒரு தடவை வா, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போன்னு. வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. எனக்குத்தான் தெரியலை."

"ஸ்தோத்திரம்," என்றாள் லீலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிரிசில்லா எதையோ சொல்ல வாயெடுத்து, மாமியாரின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஆசீர் கடை அடைத்து வந்து, காப்பியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகப் புறப்பட்டார். சுகிர்தா வழியில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அன்றைக்குத்தான்.

"கேட்டியளா? ஜெமி வாரா."

அவர் தம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"லீலா வீட்டுச் சாமானெல்லாம் உதிந்துபோச்சு. நம்ம பிள்ளை சாமான் ஒண்ணுகூட உதிரலை. கை பட்டாத்தான் நிக்குமாம், லீலா மருமக சொல்லுதா. பூட்டின அலமாரிக்குள்ள வேற யாரு கை படும்?"

"அப்படியா," என்றார் ஆசீர்.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

அவர் கொஞ்ச நேரம் தம்ளருக்குள் பார்த்தார். "இருக்கு," என்றார். "நம்பிக்கை இருக்கு சுகிர்தா." பிறகு விலகிப் பின்கட்டுக்குப் போனார்.

அந்த வருடம் ஊர் ஒரு புதுப் பாடத்தைப் படித்தது. வளைகுடாவுக்குப் போயிருந்தவர்கள் லீவில் வந்து வீட்டைத் திறந்தால், நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி அளவுக்குத் தூள் இருந்தது. ஒரு வீட்டில் கிழவருடைய தண்ணீர்ச் செம்பு அவர் கட்டிலுக்குக் கைக்கெட்டாத தூரத்தில் உதிர்ந்துபோய்க் கிடந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. இன்னொரு வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாளுக்கென்று தனியாக ஒரு தம்ளர். அந்த அம்மாள் மகள் பிரசவத்துக்குப் போய் நாள் கழித்துத் திரும்பியபோது அடுக்களையில் அது ஒன்று மட்டும் மாவாகியிருந்தது. "வேற யாரும் இதைத் தொடலை போலிருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றோடு வேலையை விட்டு நின்றாளாம். சொல்லாமல் மூடி வைத்ததையெல்லாம் சாமான்கள் காட்டிக்கொடுத்தன.

சுகிர்தா மட்டும் தெளிந்தாள். காலையில் அலமாரிக்கு முன்னால் நின்று, "வந்தியா? நேத்து மழைல நனையாம வந்தியா?" என்று கேட்பாள். சாமான்களின் நிறம் வெயில் படாமலே வெளுத்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். அதைப் பெரிதாக எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போனாள். போகுமுன் சோறு பொங்கி மூடி வைத்துவிடுவாள். ஆசீர் அன்று மட்டும் மத்தியானம் வீட்டுக்கு வந்து தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவார். கோவிலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கேட்டாள்: "எம்மவனும் வருவானாக்கா?"

"கேளு. கேட்டுக்கிட்டே இரு. வருவான்," என்றாள் சுகிர்தா.

அந்தப் பெண் போய் மகனுடைய கிரிக்கெட் பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சில மாதம் கழித்துக் கையில் தூளோடு வந்தாள். பந்து இருந்த துணியை விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி மடித்துக்கொண்டு போய்விட்டாள். சுகிர்தாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மனசின் ஒரு மூலையில், என் பிள்ளை வருகிறாள் என்ற பெருமை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆசீர் கடையில் விழுந்தது ஒரு புரட்டாசி வெயிலில். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிச் சாய்த்து வைக்கும்போது வலதுகை கேட்கவில்லை. கண்ணாடி போய் விழுந்து நொறுங்கியது. அதற்குப் பக்கத்தில் அவரும் விழுந்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் வாயும் தப்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. கூட இருக்க ஆண்தான் வேண்டும் என்றார்கள். அவருடைய தம்பி சாலமோன் நாகர்கோவிலிலிருந்து வந்து இருந்தான். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவனே சொன்னான்: "மைனி, கைக்கும் காலுக்கும் பயிற்சி குடுக்க எங்க ஊர்ல நல்ல இடம் இருக்கு. அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க தனியா என்ன செய்விய?"

வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்வாளோ என்று சாலமோன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். ஆசீரும் கட்டிலில் கிடந்தபடி அவளையே பார்த்தார்.

"சரி, கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

இரண்டு மூன்று தடவை நாகர்கோவிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நிற்பாள். "சாப்பிட்டியளா?" என்பாள். அவர் இடதுகையைத் தூக்கி ஏதோ சொல்ல வருவார். எதையோ திறப்பது போலவும் தொடுவது போலவும் காட்டுவார். "கடையைப் பத்தி விசாரிக்காங்கன்னு நினைக்கேன் மைனி," என்பான் சாலமோன். "கடை நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள்.

மழை முடிந்து, பனி விழுகிற மாதம் பிறந்தது. ஒரு காலையில், "வந்தியா ஜெமி?" என்று கேட்டுக்கொண்டே அலமாரிக்கு முன்னால் போனாள். ஹேர்பேண்டில் பூ இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சிட்டிகை வெள்ளை.

அன்று பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்தாள். மறுநாள் ஹேர்பேண்ட் முழுதும் போயிருந்தது. அதற்கடுத்துப் பிரஷ். பிறகு தவளை. காது கேட்காத ஆளிடம் பேசுவதுபோலக் கண்ணாடிக்கு மிக அருகில் போய்க் கேட்டாள்: "என்னட்டி கோவம்? அம்மா என்ன செஞ்சேன்? சொல்லிட்டுப் போயேன்."

கடைசியில் பிரிசில்லாவைக் கூப்பிட்டனுப்பினாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள்.

"திறங்க பெரியத்தை," என்றாள் பிரிசில்லா.

"திறக்க மாட்டேன். கடைசியா பட்டது அவ கை. எங்கையும் படக்கூடாது, உங்கையும் படக்கூடாது."

"நான் உறை போட்டுக்கிடுதேன். உறை போட்ட கை அதுக்குத் தெரியாது. பாட்டில் மூடி ஓரத்தைப் பாருங்க, விட ஆரம்பிச்சிட்டு. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் போயிரும். பாக்கணுமா வேண்டாமா?"

சுகிர்தா செயினைக் கழற்றினாள். சாவி துருப்பிடித்த பூட்டில் சிரமப்பட்டுத் திரும்பியது.

"இந்தப் பூட்டை யாருமே திறக்கலை," என்று பிரிசில்லா தனக்குள் சொல்லிக்கொண்டாள். உறை போட்ட இரு கையாலும் பாட்டிலைத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அங்கேயே அவள் பார்வை நின்றது.

"என்னட்டி?"

"பெரியத்தை, கை பட்டா முழுசும் இறுகும்னு சொன்னேன்லா. ஆனா நிறம் மட்டும் கை படுற இடத்துலதான் நிக்கும். மத்த இடம் வெளுத்துரும். இதைப் பாருங்க."

வெளுத்த பாட்டிலின் அடிவட்டத்தில், ஒரே ஒரு இடத்தில், வாங்கிய அன்றைக்கு இருந்த அடர்ந்த ரோஸ் நிறம். ஒரு பெருவிரல் அளவுக்கு.

டிபன் டப்பாவின் அடியிலும் அதே. அடிஸ்கேலின் முதுகில். வாளியின் அடியில்.

"மேல ஒரு இடத்துலயும் இல்லை," என்றாள் பிரிசில்லா. "பிள்ளை பிடிக்கிற இடம், மூடி, வாளியோட கைப்பிடி, அவ கை பட்டிருக்கக்கூடிய இடம் ஒண்ணுலயும் யாரும் தொடலை. தேடிப் பாத்து அடியில மட்டும் தொட்டிருக்காங்க. திரும்பத் திரும்ப, ஒரே இடத்துல."

சுகிர்தா குனிந்து பார்த்தாள். அந்த நிறத்தின் குறுக்கே, கோணலாக, தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அந்த இடத்தில் மட்டும் தோல் படவில்லை.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்கென்று ஒரு நிலைக்கண்ணாடி அறுக்கும்போது அவருடைய பெருவிரல் பிளந்தது. தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவள்தான் கட்டினாள். ஆறியும் அந்தப் பள்ளம் மட்டும் நிரம்பவே இல்லை.

"அக்கா, பூட்டுதான் திறக்கலையே, அப்புறம் எப்படி?" என்றாள் லீலா ஒன்றும் விளங்காமல்.

பிரிசில்லா அலமாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளினாள். கண்ணாடி மரச்சட்டத்துக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது. ஒரு கை நுழையுமளவுக்கு வழி விட்டது.

"செய்யும்போதே இப்படித்தான் செஞ்சிருக்காங்க."

சுகிர்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பிக்கை இருக்கான்னு கேட்டேம்ட்டி. இருக்குன்னாங்க."

"பெரியத்தை, இப்ப நீங்க தொட்டாலும் போதும். யாரு கைன்னு அதுக்குத் தெரியாது. பாட்டிலும் வாளியும் பிழைச்சிரும்."

"அவுக வரட்டும்."

"அதுக்குள்ள உதிந்துட்டா?"

"சாலமோனுக்குப் போனைப் போடு. அண்ணனை இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லு. மைனி பாத்துக்கிடுவான்னு சொல்லு."

மறுநாள் மத்தியானம் கார் வந்தது. சாலமோனும் டிரைவரும் சேர்ந்து தூக்கி, ஆசீரை நடுவீட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வேட்டியும் சட்டையும் ஆளைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வழியில் ஜன்னல் காற்று அடித்துத் தலைமுடி கலைந்து நெற்றியில் கிடந்தது. உள்ளறைப் பக்கமே அவர் கண் போயிற்று.

"தலையைச் சீவி விடுங்கக்கா," என்றாள் லீலா மெதுவாக. "அக்கம்பக்கத்துல எல்லாம் பாக்க வருவாங்க."

சுகிர்தா பின்கட்டுக்குப் போனாள். குழாயடிப் பலகைக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை.

பலகையில் எல்லாம் அவர் வைத்துவிட்டுப் போன ஒழுங்கிலேயே இருந்தன. சோப்பு டப்பா, சவரக் கிண்ணம், கவிழ்த்து வைத்த தட்டு, தம்ளர், பல் இடுக்கில் இரண்டு நரைமுடி சிக்கிய சீப்பு. பார்ப்பதற்கு எல்லாம் அந்தந்தச் சாமானாகவே இருந்தன.

சீப்பை எடுத்தாள்.

அது அவள் விரலுக்குள் பொலபொலவென்று இறங்கியது. நரைமுடி இரண்டும் பலகையில் விழுந்தன. தம்ளரைத் தொட்டாள். சோப்பு டப்பாவைத் தொட்டாள். ஒவ்வொன்றும் தொடுவதற்காகவே காத்திருந்த மாதிரி சரிந்தது. இத்தனை மாதமாக, அவரில்லாத இந்த வீட்டில், அவருடைய ஒரு சாமானிலும் அவள் கை பட்டிருக்கவில்லை.

அவள் நடுவீட்டுக்குத் திரும்பி வந்தபோது இரண்டு கையும் வெறுங்கையாக, வெள்ளையாக இருந்தன.

ஆசீர் அந்தத் தூளைப் பார்த்தார். அவர் கண் அகலமாயிற்று. இடதுகையை நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாயிலிருந்து சத்தம் வந்தது.

"ஜெ... ஜெ..."

"இல்லைங்க," என்றாள் சுகிர்தா. "ஜெமி சாமான் இல்லை. பாட்டில் இருக்கு, வாளி இருக்கு. இது உங்க சீப்பு."

அவர் அவளைப் பார்த்தார். உண்மைதானா என்று பார்த்தார். பிறகு, உடம்பு தளர்ந்து, நாற்காலியில் சாய்ந்தார். தன் சீப்புதானே என்ற நிம்மதி அந்தக் கோணிய முகத்தில் அப்படியே தெரிந்தது.

சுகிர்தாவுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் வெளியே வரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். நெற்றியில் கிடந்த முடியை விரலால் ஒதுக்கினாள். வகிடு எடுத்தாள். ஒரு பக்கமாகச் சீவினாள். அவர் தலை அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. காய்ச்சல்காரத் தலை போலச் சுட்டது. உயிருள்ள தலை அப்படித்தான் சுடும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பிரிசில்லா உறை போட்ட கையில் பாட்டிலை எடுத்து வந்தாள். ஆசீருடைய வலதுகையைத் திருப்பி மடியில் வைத்து, அசையாத அந்தப் பெருவிரலுக்கு மேல் பாட்டிலின் அடியை, ரோஸ் நிறம் பதிந்த இடத்தைச் சரியாகப் பொருத்தி வைத்தாள்.

"உணர்ச்சி இல்லாத கையாச்சேட்டி," என்று லீலா கிசுகிசுத்தாள். "இதுக்கு இறுகுமா?"

"உணர்ச்சி வேண்டாம் அத்தை. சூடு இருந்தாப் போதும்."

சுகிர்தா நிமிரவில்லை. சீவி முடித்த இடத்தையே மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓடிப்போய்ப் புதுச் சீப்பு ஒண்ணு வாங்கியாரட்டுமா?"

"வேண்டாம்ட்டி," என்றாள் சுகிர்தா. "காலையில பாத்துக்கலாம்."

பிள்ளையின் காய்ச்சலன்று தான் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆசீர் கண்ணைத் திறந்தார். கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடாதிய," என்றாள். "வகிடு கோணுது."